செனட் படிக்கட்டில் கெசையா அம்மாள்

மாடிக்கு ஏறிப் போகும் செனட்டர்களின் முகத்தைக் கெசையா அம்மாள் பார்ப்பதில்லை, கழுத்தைத்தான் பார்ப்பார். கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்கிறதா, மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். அந்தக் கழுத்துப்பட்டிகளில் பாதி அவர் கையால் கஞ்சி போட்டவை. "நேத்து ராத்திரி சூப் குடிச்சீங்களாய்யா? கழுத்துல தெரியுது," என்று ஒரு பெரிய மனிதரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த மனிதர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வேகமாகப் படியேறினார்.

தலைநகரமான பிலடெல்பியாவில், செனட் கூடும் செஸ்ட்நட் தெருப் பக்கம் குடியிருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நாற்பது வயது இருக்கும். குள்ளமான உருவம். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் முழங்கை வரை ஏறியிருக்கின்றன. கஞ்சி காய்ச்சும்போது நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார். "உப்பு பாக்கறீங்களா?" என்று யாராவது கேலி செய்தால், "உன் புத்தி மாதிரி நீர்த்துப் போச்சான்னு பாக்கறேன்," என்பார். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியின் சத்தம் மட்டும் தெரு வரை கேட்கும்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சத்தம் நிறையக் கேட்டது. அவர் கணவர் ஆசா வான்டெவீர் மேற்கே ஒஹையோ நதிக்கரைக் கோட்டையில் இருக்கிறார். பல வருஷம் லெப்டினன்ட். போன கோடையில், செனட்டர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்த சமயத்தில், ஜனாதிபதி அவரைக் கேப்டனாக்கி உத்தரவு போட்டார். அந்த மாதிரி உத்தரவுக்கு ஆயுள் குறைவு. அடுத்துக் கூடும் செனட் சம்மதித்தால் நிலைக்கும். சம்மதிக்காமலேயே கூட்டம் கலைந்தால் உத்தரவும் செத்துவிடும். கூட்டம் மார்ச் மூன்றாம் தேதி கலைகிறது. சம்மதம் வராவிட்டால் ஆசா மறுபடி லெப்டினன்ட். தான் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இப்போது கேப்டனாகிவிட்ட இளைஞர்களுக்கு இனி அவர் வணக்கம் வைக்க வேண்டும்.

செனட்டுக்குப் போன பெயர்ப் பட்டியலில் ஆசாவை நியூ ஜெர்சிக்காரர் என்று குறித்துவிட்டார்கள். பிறந்தது அங்கேதான். ஆனால் சிறு வயதிலேயே ஆற்றைக் கடந்து பிலடெல்பியாவுக்கு வந்து, சேணம் தைக்கக் கற்று, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கிருந்தே ராணுவத்தில் சேர்ந்தவர். யாரோ ஒரு எழுத்தர் பிறந்த ஊரை மட்டும் பார்த்திருக்கிறார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது அற்ப விஷயம். மாடியில் அப்படியில்லை. ஒரு பெயரைப் படித்ததும் அத்தனை பேரும் அந்த மாநிலத்து செனட்டரின் பக்கம் திரும்புவார்கள். அவர் தலையசைத்தால் மற்றவர்களும் அசைப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் பெயர் தள்ளிப்போகும். ஜெர்சி செனட்டர்களில் ஒருவர் இந்த முறை வரவே இல்லை. மற்றவரான ஹாலோவே, "இப்படி ஒருத்தரை நான் கேள்விப்பட்டதே இல்லை," என்று சொல்லிவிட்டார். கதவை மூடிக்கொண்டு ரகசியமாகப் பேசிய பேச்சுதான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் செனட்டர்கள் தங்கும் விடுதியின் சமையலறைக்கும், அங்கிருந்து கெசையா அம்மாளின் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் கெசையா அம்மாள், பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்து செனட்டரை வழிமறித்தார்.

"ஆசாவை எனக்குத் தெரியாதாம்மா? என் குதிரைக்குச் சேணம் தச்சவர்தானே. ஆனா ஜெர்சி பேருக்கு நான் எழுந்து பேசினா, நாளைக்கு எங்க ஆள் பேருக்கு அவங்க எழுந்து நிப்பாங்க. அந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வைக்க முடியாது."

"அப்ப தப்பைத் திருத்தச் சொல்லுங்க."

"ஜனாதிபதி பேரைத் திரும்ப வாங்கிட்டு, புதுசா அனுப்பணும். கூட்டம் கலையறதுக்குள்ள நடக்கற காரியமா அது?"

"சரி விடுங்க," என்றார் கெசையா அம்மாள். "ஜெர்சிக்காரராவே இருந்துட்டுப் போறார்."

ஆசாவைத் தெரிந்த ஜெர்சிக்காரர் யாரையாவது தேடி மறுநாள் காலை ஆற்றைக் கடக்கக் கிளம்பிவிட்டார். டெலவேர் நதியில் பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி. கட்டி வரும் இடத்தில் எல்லோரும் இறங்கிப் படகை இழுக்க வேண்டும். ஆண்கள் சிலர் இறங்கத் தயங்கியபோது அவர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாராம். "கஞ்சித் தண்ணி உறையறதைப் பாத்தவ நான். இது தாங்கும், வாங்கய்யா," என்றாராம்.

ஆசா பிறந்த பர்லிங்டன் பக்கத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் மிச்சமில்லை. ஆசாவை ஞாபகம் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்: மாவு அரைக்கும் பெலெக் ஸ்டௌட். ஸ்டௌட்டின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சிறுவனாக இருந்தபோது ஆசா எறிந்த கல்லின் வேலை.

"அந்தப் பயலுக்காக நான் பனியில வரணுமா? வந்தா எதிர்த்துதான் பேசுவேன்!"

"எதிர்த்தே பேசுங்க. ஆளைத் தெரியும்னு பேசுங்க."

இதை ஸ்டௌட்டே எங்கள் தெருவில் நின்று சொன்னார். "அந்தம்மா கெஞ்சியிருந்தா வந்திருக்க மாட்டேன்," என்றும் சொன்னார்.

அடுத்த நாள் காலை இருவரும் படிக்கட்டின் அடியில் நின்றார்கள். ஹாலோவே வந்தார்.

"ஐயா, இவர் உங்க மாநிலத்துக்காரர். என் வீட்டுக்காரரைப் பத்தி ஏதோ புகார் சொல்லணுமாம்," என்றார் கெசையா அம்மாள்.

ஹாலோவே ஸ்டௌட்டின் பக்கம் திரும்பினார். ஸ்டௌட் தொப்பியைக் கழற்றி மூக்கைக் காட்டினார். "ஆசா வான்டெவீர் பண்ணினது. முரட்டுப் பய. குறி மட்டும் தப்பாது."

"இதைச் சொல்லவா ஆத்தைத் தாண்டி வந்தீங்க?"

"முழுசாக் கேளுங்கய்யா. அன்னைக்குக் கூட இருந்த பசங்க எல்லாம் ஓடிட்டானுங்க. இவன் மட்டும் நின்னான். 'நான்தான் எறிஞ்சேன்'னான். நான் படுத்துக் கிடந்தப்போ தினமும் வந்து மூட்டை தூக்கினான். முறைச்சுக்கிட்டேதான் தூக்கினான். ஆனா ஒருநாள் தவறல." ஸ்டௌட் தொண்டையைச் செருமினார். "அவனை எனக்குப் பிடிக்காது. சண்டைன்னு வந்தா அவன் பக்கத்துலதான் நிப்பேன்."

ஹாலோவே படியேறத் திரும்பினார். படியில் கால் வைத்தவரைக் கெசையா அம்மாள் நிறுத்தினார். "ஒரு நிமிஷம்யா. பட்டி கோணியிருக்கு." எக்கி நின்று அதை நேராக்கினார். கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஹாலோவே மாடிக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது.

மத்தியானம் வரை கதவு திறக்கவில்லை. ஆசா இருக்கும் பக்கமாக, மேற்கே பிட்ஸ்பர்க் போகும் வண்டி அன்றைக்குத்தான் கிளம்புகிறது. அதை விட்டால் பல வாரத்துக்கு வேறு வண்டி கிடையாது. அதில் ஆசாவுக்கு ஒரு புதுக் கோட்டு போக வேண்டும். கெசையா அம்மாள் தையற்கடைக்கு ஓடினார். தையற்காரர் க்ளைன் கோட்டை மேசையில் விரித்து, பதவியைக் காட்டும் வெள்ளி இழைத் தோள் குஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். லெப்டினன்டுக்கு இடது தோளில் குஞ்சம். கேப்டனுக்கு வலது தோளில்.

"இதைத் தனியா பொட்டலம் கட்டித் தரட்டுமாம்மா? சேதி தெரிஞ்சப்புறம் அவரே அங்க தச்சுக்கட்டும்."

"ஊசியைக் கொடுங்க."

"மாடியில என்ன ஆச்சுன்னே தெரியாம..."

"ஊசியைக் கொடுங்கய்யா."

நூலை மெழுகில் இழுத்துக் கோத்தார். வலது தோளில் குஞ்சத்தை வைத்துச் சுற்றிலும் தைத்தார். தைத்ததன் மேலேயே இன்னொரு சுற்றும் தைத்தார். வெளியே வண்டிக்காரர் கூப்பிட்டார். கெசையா அம்மாள் கோட்டை முழங்காலால் மேசையோடு அழுத்திக்கொண்டு, குஞ்சத்தை இரண்டு கையாலும் பிடித்து, பிய்த்துவிடுவது போல பலமாக இழுத்துப் பார்த்தார்.