கூரை வெட்டின கார்களும் நான் தைத்த சீற்றுகளும்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை முகத்தை வைத்து ஞாபகம் வைத்திருப்பதில்லை. சீற்றில் அவர் இருந்து இருந்து விழுந்த பள்ளத்தை வைத்துத்தான்.

கார் சீற் தைப்பது என் வேலை. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் குடியிருந்த காலத்தில் ஒரு சோபாத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெக்ஸ்போர்ட்டுக்கு வீடு மாறினோம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மனுவல் என்ற போர்த்துக்கீசரின் கராஜ் இருந்தது. தையலுக்கு ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனேன், இன்னும் வெளியே வரவில்லை.

நீங்கள் வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவராக இருக்கலாம், பல்லுக் கட்டுபவராக இருக்கலாம். பொதுசனத்தோடு மாரடிக்கிற வேலை என்றால் நீங்கள் என் ஆள். என் பங்குக்கு வாய்த்தவர்களில் முக்கால்வாசிப்பேர் ஹொட் றொட்காரர். அவர்கள் பேசியது இங்கிலீசில். கீழே வரும் தமிழ் என்னுடையது.

யாருக்குக் காயம்?

நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை, சிவப்புக் கார் ஒன்று இடிமுழக்கம் மாதிரி உள்ளே வந்தது. பொனட் இல்லை, எஞ்சின் அப்படியே வெளியே தெரிந்தது. முன் மட்காட் இரண்டையும் காணோம். கூரை, அதன்மேல் யாரோ பாரமான மனிதர் குந்தியிருந்து எழும்பியதுபோல் பதிந்து கிடந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, அக்சிடென்ட்தான். அதிலிருந்து சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். அதிர்ச்சியில் சிலர் இப்படிச் சிரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஒருத்தருக்கும் காயமில்லைத்தானே என்று கேட்டேன்.

மனுவல் சிரிப்பை அடக்க மெசினுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். பிறகு விளங்கப்படுத்தினார். முப்பதுகளில் செய்த கார்களை வாங்கி, பாரம் குறைய வேண்டும் என்று பொனட்டையும் மட்காட்டையும் கழற்றி எறிந்து, கூரையை வெட்டிப் பதித்து ஒட்டி, பெரிய எஞ்சின் ஒன்றை வைத்து ஓடுவார்களாம். உலக யுத்தம் முடிந்த காலத்துப் பெடியள் தொடங்கிய விளையாட்டாம். இதற்குப் பெயர்தான் ஹொட் றொட். வந்தவர் றே, தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அதிக வேலை கொடுப்பவர்களில் ஒருவர்.

றே தண்ணீரைக் குடித்து முடித்தார். என் கேள்விக்கு மரியாதையாகப் பதிலும் சொன்னார்: "காயம்தான் பிள்ளை. என்ரை முதல் கலியாணத்துக்கு."

ஐம்பதாம் ஆண்டும் அதற்குக் கீழும்

அந்த வருசங்களில் பனி கரைந்தால் போதும், வாசலில் ஹொட் றொட்கள் வரிசையில் நிற்கும். நீளமான குழாய்களை அடுக்கி வைத்த மாதிரி ஒரு தையல் உண்டு. அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். குழாய்க்குக் குழாய் இடைவெளி ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்து விடுவார்கள். அவர்களில் மகா கண்டிப்பானவர் றேயின் நண்பர் கோர்டன். "ட்ரடிஷனல்" என்ற சொல்லை அவர் சொல்லும்போது நாங்கள் கோயிலில் நிற்பதுபோல இருக்கும். எல்லாம் ஐம்பதாம் ஆண்டில் தைத்த மாதிரியே இருக்கவேண்டும். அவருடைய சீற்றில் நைலோன் நூல் படக்கூடாது, சிப் வைக்கக்கூடாது. நான் வாங்கி வைத்திருந்த ரெக்சினை மோந்து பார்த்துவிட்டு, மணம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்து மணம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு உன்னியது. கேட்கவில்லை.

எல்லாம் தைத்து முடிக்கிற நேரம், மனுவல் இல்லாத சமயம் பார்த்து வந்தார். கதவைச் சாத்தினார். முதுகு நோ தாங்க முடியவில்லையாம். ஸ்பொஞ்சுக்குள் கரண்டில் சூடேறுகிற மெத்தைத் துண்டு ஒன்றை மறைத்து வைத்துத் தைக்க முடியுமா, வயர் வெளியே தெரியக்கூடாது என்றார். ஐம்பதாம் ஆண்டில் அப்படி ஒன்று இருந்ததா என்று இந்த முறை கேட்டே விட்டேன்.

கோர்டன் கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: "மேலை ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதாக இருக்கவேணும். கீழை எந்த வருசமாகவும் இருக்கலாம்."

அடக்கமான மாப்பிள்ளை

றேயின் சிவப்புக் காருக்கு நான் சீற் தைத்த செய்தி எங்கள் சனத்துக்குள் பரவியது. ஸ்காபரோவில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை கொம்பியூட்டர் வேலை பார்க்கிறவர். எல்லாரும் வெள்ளைக் குதிரை வண்டியில் வருகிறார்கள், எனக்கு அந்தச் சிவப்புக் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். றேயிடம் கேட்டேன். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். தானே ஓட்டுகிறேன் என்று கறுப்புக் கோட்டுச் சூட்டோடு வந்துவிட்டார்.

ஒருவரும் அளந்து பார்க்காதது தலைப்பாகையை. வெட்டின கூரைக்குக் கீழே மாப்பிள்ளையின் தலை மட்டுந்தான் கொள்ளும். கழற்றி மடியில் வைக்கலாம் என்றால், ஐயர் கட்டி முடித்த தலைப்பாகையைக் கழற்றக்கூடாது என்று தாயார் கண்கலங்கினார். கடைசியில் மாப்பிள்ளை நாடியை நெஞ்சில் முட்டக் கொடுத்துக் குனிந்தபடி ஏறினார். இந்தப் பக்கம் றே, அந்தப் பக்கம் தோழன், நடுவில் நெற்றியால் றேடியோவைப் பார்த்தபடி மாப்பிள்ளை. மண்டப வாசலில் இறங்கியபோது கழுத்துப் பிடித்துவிட்டது. நிமிரப் பார்த்தார், முடியவில்லை. ஆரத்தி எடுத்தபோதும் குனிந்த தலை, கால் கழுவியபோதும் குனிந்த தலை.

ஆரத்தித் தட்டோடு நின்ற பொம்பிளையின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தக் காலத்திலை இப்பிடியொரு அடக்கமான பிள்ளையை எங்கை பாக்கிறது? பொம்பிளைப்பிள்ளை மாதிரி, தலை நிமிரவேயில்லை."

இறங்குகிற ஸ்டைல்

பிறகு ஒரு வசந்த காலம் வாசல் வெறுமையாகக் கிடந்தது. முதலில் மழை என்று நினைத்தோம். மழை விட்ட பிறகும் ஆட்கள் வரவில்லை. கோர்டன் காரை விற்றுவிட்டுக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார். வேறு சிலருடைய பிள்ளைகள் தகப்பன்மாரின் கார்களை இணையத்தில் போட்டு, வாங்க ஆளில்லாமல் விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். இளம் ஆட்கள் தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களுக்குப் பின்னால் ஓடினார்கள். பொனட் இல்லாத முப்பதாம் ஆண்டுக் கார் அவர்களுக்குப் பூட்டன் போட்ட கால்சட்டை மாதிரி. மனுவல் படகு மெத்தை, பல் வைத்தியர் கதிரை, சாப்பாட்டுக் கடையில் ஆட்கள் இருக்கிற வாங்கு என்று அகப்பட்டதையெல்லாம் தைக்க எடுத்தார். ஒரு நாள், அடுத்த வருசம் கராஜைத் திறப்பேனோ தெரியாது, நீ வேறு இடமும் பார்த்து வை என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்துபோன தூரம் நெடுந்தூரமாக இருந்தது.

றே மட்டும் வந்துகொண்டிருந்தார். ஞாயிறு காலையில் கோப்பிக் கடைக்கு முன்னால் கூடுகிற ஹொட் றொட்காரர்களின் கதையைச் சொல்லுவார். எல்லாருக்கும் முழங்கால் நோ. காருக்குள் விழுந்துவிடுகிறார்களாம், எழும்ப முடிவதில்லையாம். முதலில் இறங்கினவர் மற்றவர்களைக் கைபிடித்து இழுத்து எடுப்பாராம். முதலாமவரை இழுக்கத்தான் ஆளில்லை. கதவுப் பக்கம் பிடித்து எழும்ப, தடித்த லெதரில் ஒரு வார் தைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு பிடிக்கிற வார் மாதிரித்தான், கொஞ்சம் வடிவாக.

பிடித்து எழும்பிப் பார்த்துவிட்டு றே சொன்னார்: "ஏறேக்கை இன்னும் ஸ்டைலாத்தான் இருக்கிறன். இறங்கேக்கை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கக்கூடாது."

பேஸ்மென்ற்

அந்த வறண்ட காலத்தில்தான் சிவா அண்ணை வந்தார், எங்கள் தெருவில் இருப்பவர். தன் மின்சாரக் காரின் சீற்றில் பேரப்பிள்ளை ஊற்றிய பாலின் மணத்தைப் போக்க வேண்டும். வார் தைக்க விட்டிருந்த றேயின் கார் பக்கத்தில் நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குளிருக்கு ஹீற்றர் இருக்கோ என்றார். இல்லை. பின்னுக்கு ஆட்கள் இருக்கலாமோ? இருக்கேலாது. மழைக்கு? ஓடுறேல்லை. வின்ரருக்கு? மூடி வைக்கிறது. இவ்வளவுக்கும் என்ன விலை வரும் என்று கேட்டார். மனுவல் சொன்னார்.

சிவா அண்ணை காரின் முதுகில் ஆறுதலாக ஒருமுறை தட்டினார்: "பாவம் மனுசன். இந்தக் காசுக்கு வீட்டுக்குக் கீழை ஒரு பேஸ்மென்ற் கட்டி வாடகைக்கு விட்டிருக்கலாம்."

இன்னும் கொஞ்சம் கேவலமாக

மனுவல் கராஜை மூட யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஜூன் மாதக் காலை, இழுவை லொறியில் துருவேறிய ஒரு இரும்புக் கறள் வந்து இறங்கியது. உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு கார் இருந்தது. கூட வந்தவள் துளசி. இங்கேயே பிறந்த பிள்ளை. பிறம்ரனில், லொறிகள் எங்கே, எப்போது போவது என்று சொல்லி அனுப்புகிற வேலை. நானூறு லொறிச் சாரதிமாரை அதட்டிப் பழகிய குரல். புத்தம் புதுக் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். பெயின்ற் மினுங்கும் ஹொட் றொட்டும் வேண்டாமாம். அந்தக் காலத்துப் பெடியள் குப்பைமேட்டில் பொறுக்கிச் செய்த மாதிரியான கார்தான் வேண்டுமாம். நான் உயிரைக் கொடுத்து ஒரு சீற் தைத்தேன். குழாய்கள் கோடு கீறினது போல நின்றன. துளசி பார்த்தாள். முகம் வாடிவிட்டது. புதுசாகத் தெரிகிறதாம்.

என்ன செய்வது? மரம் உரஞ்சுகிற கண்ணாடித்தாள் கொண்டு உரஞ்சினேன். கோப்பியை ஊற்றிக் காயவிட்டேன். ஒரு மூலையில் தையலை நானே அறுத்து, வேறு நிற நூலால் கோணலாகத் தைத்தேன்.

துளசி தலையைச் சரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுக் கெஞ்சினாள்: "அன்ரி, ப்ளீஸ், இன்னும் கொஞ்சம் கேவலமா செய்ய ஏலாதோ?"

ஞாயிறு ஓட்டம்

அந்தச் சமயத்தில் றேயின் கண் கெட்டுப்போனது. நடுவில் இருட்டு, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் என்றார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். சிவப்புக் காரை மகள் மேற்குப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுக் கொடுத்தாள். அதன் பிறகும் றே பஸ் பிடித்துக் கராஜுக்கு வருவார். மெசினுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருப்பார். கதை குறைந்துவிட்டது. நானும் வாயைக் கொடுக்காமல் தைப்பேன். இப்படி இருக்கிற மனிதரிடம் என்னத்தைக் கதைப்பது?

துளசியின் கார் ஓடத் தயாரான நாள் றேயும் இருந்தார். கறள் பிடித்த உடம்பைக் கையால் தடவிப் பார்த்தார். சீற்றைத் தொட்டதும் துள்ளி நிமிர்ந்தார். இந்தச் சீற்றுக்கு இந்தக் கொடுமையைச் செய்தது யார் என்று முழங்கினார். நான் தையல் மெசினுக்கு எண்ணெய் விடத் தொடங்கினேன். துளசி பின்வாங்கவில்லை. ஹொட் றொட்டைத் தொடங்கின பெடியளிடம் பெயின்றுக்குக் காசு இருந்ததா, மினுங்க மினுங்க வைத்திருந்த உங்களுடையதா ட்ரடிஷனல், என்னுடையதா என்று கேட்டாள். இரண்டு பேரும் நேரம் போனது தெரியாமல் சண்டை பிடித்தார்கள். மனுவல் இரண்டு தரம் கோப்பி போட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு றேயின் முகம் சிவந்திருந்தது. கடைசியில் துளசி கதவைத் திறந்து, பேசாமல் ஏறுங்கோ அங்கிள், ஓடிப் பாத்திட்டுச் சண்டை பிடிப்பம் என்றாள். அவர் அசையவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன். ஏற்றி விட்டேன்.

அந்த இரைச்சல் தெரு முனை திரும்பும்வரை கேட்டது, பிறகு இல்லை. நானும் மனுவலும் வாசலில் நின்றோம், இருவருக்கும் வேலை ஓடவில்லை. வீதியில் நின்றுவிட்டதோ, கிழவருக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று மனுவல் சாவியை எடுக்கிற நேரம் சத்தம் வந்தது. றேயின் தலைமயிர் காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. காற்று என்றார். துளசியின் சிநேகிதி ஒருத்தியும், சீனப் பெடியன் ஒருவனும், சோமாலியச் சகோதரர் இருவரும் தங்கள் கறள்களைக் கொண்டுவரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கராஜ் மூடப்படவில்லை. இப்போது நான் வருசம் முழுக்க நல்ல சீற்றுகளைத் தைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று றே இறங்க மறுத்துவிட்டார். கீழே இருந்த கோணல் தையலை விரலால் தடவிக்கொண்டு துளசியிடம் சொன்னார்: "சீற் படுமோசம். அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு வருவாய்?"

ஹொட் றொட்டின் மவுசு ஏறியும் பார்த்துவிட்டேன், இறங்கியும் பார்த்துவிட்டேன். இரண்டு காலத்திலும் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒவ்வொருவரும், இந்தக் கார்களை விளங்கிக்கொண்ட கடைசி மனிதப்பிறவி தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்கள்.