சிவப்பு பூட்ஸ் கிடக்கும் வாசல்

ரன்வா எங்கள் தீவுக்கு வந்த முதல் வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவர் பாதிரியார் ஒருவர்தான், அதுவும் கடல் யாரையாவது கொண்டுபோன செய்தியைச் சொல்ல வரும்போது. மற்றவர்கள் எல்லாம் பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். கதவைத் திறந்தால், என் அண்ணன் மகன் ஹோக்னி கட்டிக்கொண்டு வந்த பெண், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் கிண்ணமுமாக நிற்கிறாள். கொஞ்சம் சர்க்கரை வேண்டுமாம்.

"சர்க்கரைக்காகவா என் உசுர வாங்கப் பாத்தே?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாளும் தட்டினாள்.

எங்கள் தலைநகரான டோர்ஸ்ஹவ்னில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். மாடிக் குடியிருப்பு, கதவுக்கு இரண்டு பூட்டு, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. இங்கேயோ வடக்கே எங்களுக்கு அப்புறம் தீவே கிடையாது, தண்ணீர்தான். இருப்பது ஒன்பது வீடு, அதில் ஆறு வீட்டில்தான் புகை வரும். ஹோக்னி மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறவன். போனால் மாதக்கணக்காகும். இந்தப் பெண் எத்தனை நாள் தாங்குவாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். காற்றுக்குப் பயம், மேட்டுக்குப் பயம், பாறை விளிம்புக்குப் பயம். குழந்தை துரித்தா நடக்க ஆரம்பித்ததும், நாய்க்குட்டியைப் பிடிப்பதுபோல அதன் இடுப்பில் வாரைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் இந்தத் தீவில் தவழ்ந்த கடைசிக் குழந்தை ஹோக்னிதான். அவனுக்கே தலையில் முடி குறைந்துவிட்டது. துரித்தா ஊருக்கே பொதுவான பிள்ளை ஆகிவிட்டாள்.

ஒரு நாள் வார் அவிழ்ந்து பிள்ளை நழுவிவிட்டது. ரன்வா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளைப் பிடித்து நிறுத்தி, வாசல்களைப் பாரடி என்றேன். மூன்றாவது வீட்டு வாசலில், பெரிய பூட்ஸ்களுக்கு நடுவில், உள்ளங்கையளவு சிவப்பு ரப்பர் பூட்ஸ் இரண்டு கிடந்தன. பிள்ளை உள்ளே உட்கார்ந்து அப்பத்தில் புளிப்பான ருபார்ப் தண்டு ஜாமைத் தடவி முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. இங்கே பூட்ஸோடு யாரும் வீட்டுக்குள் போவதில்லை, ஒன்றரை வயசானாலும் சரி. பூட்ஸ் எங்கே கிடக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

ரன்வாவின் வீடு மேட்டில் இருக்கிறது. அவள் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே எல்லா வாசலும் தெரியும். அன்றிலிருந்து அவள் மெல்ல மெல்ல மாறினாள். வாரைச் சுருட்டிப் பெட்டியில் போட்டாள். மாவு பிசைந்துகொண்டே ஜன்னலைப் பார்ப்பாள். சிவப்பு என் வாசலில், சரி. சிவப்பு மூன்றாவது வீட்டில், அங்கே தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கிறார்கள், சரி. பாதியில் விட்ட ஸ்வெட்டரை மறுபடி பின்ன ஆரம்பித்தாள். ஒரு நாள் தட்டாமல் என் வீட்டுக்குள் வந்து காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், காலி என்று தெரியவில்லையா, போட்டுக் குடி என்றேன்.

சிவப்பு பூட்ஸ் அதிகம் கிடந்த வாசல் ஹானுஸினுடையது. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். படகு வரும்போது துறையில் கயிற்றைப் பிடிக்கிறவன் ஹானுஸ். அறுபதை நெருங்கியும் கல்யாணம் ஆகாத ஆள். என் வீட்டுக்காரரோடு ஒரு கிடாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, அவர் செத்த பிறகும் அந்தச் சண்டையை விடாமல், என் வாசற்படியை மிதிக்காதவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு. அவனும் அந்தப் பிள்ளையும் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்து, காய்ந்த மீனைப் பிய்த்து மென்றுகொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இரண்டு பேரும் பேசுவதில்லையாம். போட்டி போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

துரித்தாவுக்கு இரண்டு வயசு தாண்டிய மே மாதம், விடுப்பு முடிந்து ஹோக்னி காலைப் படகில் கிளம்பினான். துறையில் துரித்தா அப்பா அப்பா என்று தொண்டை கட்டுமட்டும் அழுதாள். அதே படகில் ஹானுஸுக்கு ஒரு பொட்டலம் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. சிவப்பு பூட்ஸ் சின்னதாகிப்போய்ப் பிள்ளையின் கால்விரல்கள் சிவந்து கன்றியிருப்பதைப் பார்த்திருக்கிறான் அந்த மனுஷன். பெற்றவள் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, அவன் பார்த்திருக்கிறான். ஓர் அளவு பெரிதாக, நீலத்தில் புது பூட்ஸ் வரவழைத்திருந்தான்.

மத்தியானம் பிள்ளை வழக்கம்போல அவன் வாசலில் சிவப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவன் நீலத்தை மாட்டிவிட்டான். அவள் குனிந்து காலைப் பார்த்தாள். தொப் தொப்பென்று அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்படியே வெளியே போய்விட்டாள். அம்மாவிடம் காட்டத்தான் போகிறாள் என்று ஹானுஸ் நினைத்தான். சிவப்பு பூட்ஸ் அவன் வாசலிலேயே கிடந்தது.

மேலே ரன்வா துணி துவைத்தாள், ரொட்டி சுட்டாள், நடுநடுவே ஜன்னலைப் பார்த்தாள். சிவப்பு ஹானுஸ் வாசலில். நானும் வேலிப் பக்கம் போகும்போது பார்த்தேன். ஊரே பார்த்தது. எல்லோருக்கும் நிம்மதி.

சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்கு ரன்வா பிள்ளையைக் கூப்பிடப் போனாள். ஹானுஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். துரித்தா எங்கே மாமா என்று கேட்டிருக்கிறாள்.

"அவ அப்பவே உங்கிட்ட வந்துட்டாளேம்மா" என்றான் அவன்.

அதற்குப் பிறகு ரன்வா கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முன்பு கத்திக்கொண்டு ஓடி வந்தவள், அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டு, காலில் வெறும் உறையோடு கீழே ஓடினாள். நாங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினோம். ஆட்டுத் தொழுவம், உருளைக்கிழங்குப் பாத்தி, மேட்டுச் சரிவு. நான் ரன்வாவுக்குப் பின்னால் துறைக்கு இறங்கினேன். என் முழங்கால் லட்சணத்துக்கு அது இறக்கமா என்ன, உருண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

துறைக்கு மேலே, படகுச் சாமான்களைக் கம்பிக் கயிற்றால் இழுத்து ஏற்றும் இரும்பு வண்டி நிற்கும். அதற்குள் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ரன்வா அப்படியே வாரி எடுத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை கண்ணை விழித்து, தூக்கக் கலக்கத்தில் காலைத் தூக்கிக் காட்டியது.

"அப்பா பூட்ஸ் பாக்கல" என்றது.

ஈரக் காலைத் துடைக்கலாம் என்று ரன்வா பூட்ஸைக் கழற்றினாள். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. பிள்ளை அப்பாவைத் தேடித் துறையின் கடைசிப் படிவரை போயிருக்கிறது. அலை வந்து காலை நனைத்திருக்கிறது. பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி ஏறி வந்திருக்கிறது. அது ஏன் திரும்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரன்வா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும் வழியில் ஹானுஸ் வாசலில் கிடந்த சிவப்பு பூட்ஸை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாவி திருகும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் நான் கேட்ட முதல் சாவிச் சத்தம் அது.

அதன் பிறகு அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பாதிரியார்போல வெளியே நின்றேன். திறப்பாள், மரியாதையாகப் பேசுவாள், காப்பி தருவாள். துரித்தா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கீழே வாசல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹோக்னி போனில் பேசியதாகவும், டோர்ஸ்ஹவ்னில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், மாதக் கடைசியில் போய்விடப் போவதாகவும் ரன்வா சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருக்கச் சொல்வது? ஹானுஸோ துறைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். படகுக் கயிற்றை மூன்றாவது வீட்டுக்காரர் பிடித்தார், அரைகுறையாக.

நீல பூட்ஸும் ரன்வாவிடம்தான் இருந்தது. அதைக் கழுவி, உப்புப் போகத் துடைத்து, உலர்த்தினாள். அவளுக்கு அதை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை, எறியவும் மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை ஊர் எழுந்திருக்கும் முன்னால் இறங்கிப் போய், ஹானுஸ் வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

காலையில் ஜன்னலைத் திறந்தேன். ஹானுஸ் வாசலில் பிள்ளையின் பூட்ஸ். அடுத்த நிமிஷம் அடுப்பில் அப்பக்கல்லை வைத்துவிட்டேன். சமாதானம் ஆகிவிட்டது, பிள்ளை உள்ளே இருக்கிறது, வேறென்ன நினைப்பது? அத்தனை பட்டும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. மூன்றாவது வீட்டுக்காரி ஆட்டுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இன்னொருவர் ருபார்ப் ஜாம் கொண்டு வந்தார். நான் கிடாச் சண்டையை மறந்து, வருஷக்கணக்கில் மிதிக்காத அந்தப் படியில் அப்பத் தட்டோடு ஏறினேன். வாசல் பூட்ஸால் நிரம்பிவிட்டது. உள்ளே போனால் ஹானுஸ் ஒண்டியாக மேசைமுன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே காலி நாற்காலி.

"பிள்ள எங்க?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கணும். எதுக்கு எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றான்.

அசடு வழிய நின்றோம். ஆட்டுக்குட்டி மட்டும் கத்தியது.

ஊரே ஒரு வீட்டுக்குள் போவதை மேலே ஜன்னலிலிருந்து ரன்வா பார்த்திருக்கிறாள். ஹானுஸுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஹானுஸ் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். பிள்ளை அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, தன் நாற்காலியில் ஏறி, மீனுக்குக் கையை நீட்டியது.

ஹானுஸ் அதைப் பார்த்தான். மீனைத் தொடவில்லை. அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"வாசல் வரைக்கும் வந்துருக்கணும்மா. புது பூட்ஸப் போட்டுக்கிட்டு அவ நடக்குற அழகப் பாத்துக்கிட்டு இங்கயே உக்காந்துட்டேன். மூலை திரும்புற வரைக்கும்தான் பாத்தேன். கயிறு புடிக்கிறவன் நான். படகுல வர்றவங்க யாரையும் தண்ணிக்கு விட்டதில்ல" என்றான்.

ரன்வா சுவரை விட்டு நிமிர்ந்தாள். பிறகு வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் நாள் முழுக்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதானே மாமா இருந்தேன். நான் பிள்ளைய வளக்கல. பூட்ஸ வளத்திருக்கேன்" என்றாள்.

காய்ந்த மீனை எடுத்து, பிய்த்து, ஒரு துண்டைப் பிள்ளைக்கும் ஒரு துண்டை ஹானுஸுக்கும் கொடுத்தாள். இனிமேல் யார் வீட்டிலிருந்து பிள்ளை கிளம்பினாலும், அந்த வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கையில் கொடுக்க வேண்டும் என்றாள். கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை, உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. இனிமேல் என்றாளே, அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டோர்ஸ்ஹவ்ன் வீடு என்னாச்சு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேண்டாம்னு ராத்திரி போன்ல சொல்லிடறேன் அத்தை. அப்பம் ஆறுது, குடுங்க" என்றாள்.

மறுநாள் என் வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹானுஸ். கையில் துரித்தாவின் கை.

"இந்தா எல்ஸ்பா அக்கா, கையில வாங்கிக்க" என்றான். நான் அவள் கையைப் பிடித்த பிறகுதான் விட்டான். காப்பி இருக்கிறது, உள்ளே வா என்றேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினான்.

என் வாசலில் பெரிய பூட்ஸும் நீல பூட்ஸும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது இப்போது தினமும் நடக்கிற காரியம். மேட்டு ஜன்னலிலிருந்து ரன்வா பார்க்கத்தான் செய்கிறாள். பார்த்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நடை இறங்கி வந்து பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறாள். தட்டாமல்தான் வருகிறாள்.