தம்பிக்குப் போட்டுக் காட்டிய யுத்தப் படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நீர்வேலியில், எங்கள் வீட்டு நடு அறையில் நடந்த சம்பவம் இது. குடாநாட்டில் கரண்ட் போய் இரண்டு வருசமாகியிருந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பார்த்துப் பாவித்த காலம். குண்டு போடுகிற பொம்மர் விமானம் வராத கிழமை இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஒருத்தி வீடியோ டெக்கும் ரீவியும் ஜெனறேற்றரும் இரவல் வாங்கி, அதிலே ஒரு யுத்தப் படத்தைப் போட்டாள் என்றால் அவளுக்கு விசர் என்றுதானே நினைப்பீர்கள்? ஊரும் அப்படித்தான் நினைத்தது.

எனக்கு இங்கிலிஷ் யுத்தப் படம் என்றால் சிறுவயதிலிருந்தே உயிர். அப்பா இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் ரவுணுக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் மற்றினிப் படம் காட்டுவார். பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன பழக்கம் என்று சொந்தக்காரர் அவரை ஏசுவார்கள். அவர் கடலையை என் கையில் தந்துவிட்டுச் சிரிப்பார். பனியில் ஊரும் டாங்கியும், பரசூட்டில் இறங்கும் படையும் எனக்கு அத்துப்படி. யுத்தம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு யுத்தம் எங்கள் ஊருக்கே வந்தது. முதல் ஷெல் எங்கள் ஒழுங்கை முகப்பில் விழுந்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? சத்தம் சரியில்லை என்பதுதான். படத்தில் கேட்டது போல இல்லை. வெறும் தகரக் கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு சத்தம், பிறகு புழுதி. அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம்தான். எது அசல், எது நகல் என்று பிடிபடாமலே போய்விட்டது.

என் தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனவன். தோளில் காயப்பட்டு ஆறியபின், லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். வந்த நாளிலிருந்து பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிடுவான், வாழைத்தோட்டத்துக்குள் போய் இருப்பான். ஒருநாள் மட்டும் அம்மாவின் கரைச்சல் தாங்காமல், விலகுகிறேன் என்று சொன்னால் கொஞ்சக் காலம் விறகு கொத்தவோ சமைக்கவோ விட்டுப் பிறகு அனுப்பிவிடுவார்கள் என்று வாய்விட்டான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "பிள்ளை, எப்பிடியாவது அவனை மறிச்சுப்போடு. உன்ரை சொல்லைத்தான் அவன் கேப்பான்" என்று என் உயிரை எடுத்துவிட்டார்.

நான் சொன்னால் கேட்பானா? ஊருக்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்குக்கூட இவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. ஆற்றங்கரையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சின்னப் படைப்பிரிவின் கதை. கடைசியில் ஒரு தாயின் வீட்டுக்குத் தந்தி வரும். அவள் வாசல்படியில் அப்படியே இருந்துவிடுவாள். தியேட்டரில் இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதிருக்கிறேன். அந்தக் காட்சியை அம்மா பக்கத்தில் இருக்க அவன் பார்த்தால் கட்டாயம் மனம் மாறும் என்று கணக்குப் போட்டேன். சண்டைக்குப் போய் வந்தவனுக்குச் சண்டைப் படம் காட்டப் போன என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது!

அந்த நாளில் வீட்டில் படம் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போத்தலில் கொண்டுவருவார்கள். ஜெனறேற்றர் இரைச்சலிலும் படச் சத்தத்திலும் பொம்மர் வந்தாலும் கேட்காது என்பதால், ஒருவர் படம் பார்க்காமல் வெளியில் இருந்து காது கொடுக்க வேண்டும். சந்தேகமாக ஏதும் கேட்டால் அவர் ஜெனறேற்றரை நிற்பாட்டிக் கூப்பிடுவார். எல்லோரும் பதுங்குகிற குழிக்குள், பங்கருக்குள் ஓட வேண்டியதுதான். அன்றைக்கு அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அண்ணை எடுத்துக்கொண்டார். இங்கிலிஷ் படம் தனக்கு விளங்காது, வேப்பமரத்தடிதான் வசதி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், யன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டுப் படத்தைத் தொடங்கினோம். அக்கம்பக்கத்துச் சனம் அறை நிறைய. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் விறாந்தையில் குடியிருந்த ஒரு மாமி, பிள்ளைகளுடன் முன்வரிசையில். தம்பி சுவரோடு சாய்ந்து ஒரு மூலையில். நான் ரீவிக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அதிலும் கொஞ்சம் கைவேலை செய்தேன். ஒரு சிப்பாய் ஏதோ முணுமுணுத்தான். "அம்மாட்டைப் போகவேணும் போலை கிடக்கு எண்டு சொல்லுறான்" என்று சனத்துக்குச் சொன்னேன்.

"அக்கா, அவன் நெருப்புப்பெட்டியெல்லோ கேட்டவன்" என்றான் தம்பி. வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் சிரித்ததைப் பார்த்தேன். சனமும் சிரித்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம்.

ஆனால் அதற்குப் பிறகு என் படத்தை ஒவ்வொருவராகப் பிரித்து மேயத் தொடங்கினார்கள். தூரத்தில் ஷெல் குத்தி அனுப்புகிற சத்தம் கேட்காமல் அது எப்படி வந்து விழும் என்று ஒருவர் கேட்டார். படத்தில் ஷெல் விழுந்ததும் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்த மாமிக்கு அது பொறுக்கவில்லை. "ஷெல் விழுந்தால் ஆர் மேலை பாக்கிறது? பிள்ளையள் எங்கை எண்டெல்லோ பாப்பம்" என்றார். ஒருத்தனும் தண்ணீர் கேட்கவில்லையே என்றான் தம்பி. படம் எடுத்தவன் அங்கே இருந்திருந்தால் எழும்பி ஓடியிருப்பான். நானோ அவனுக்காக வாதாடிக்கொண்டு நின்றேன். இந்தச் சனம் எல்லாம் எப்போது இவ்வளவு படித்தது என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. சிரிப்பதா அழுவதா என்றும் தெரியவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. படைப்பிரிவு பின்வாங்கி ஆற்றைக் கடந்துவிடுகிறது. கால் உடைந்த ஒருவன் அக்கரையில் கிடந்து கத்துகிறான். அவர்களுடைய சார்ஜன்ற், குண்டு மழைக்குள் திரும்பி ஓடிப்போய் அவனைத் தூக்குகிறான். "உது சுத்தப் புழுகு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. ரீவியைப் பார்த்தபடியே, "திரும்பிப் போகேலாது அக்கா. ஒருத்தரும் போறேல்லை" என்றான்.

படத்தைக் குறை சொல்கிறானா, வேறு எதையாவது சொல்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை. யாரை விட்டுவிட்டு வந்தான்? அல்லது இவனை யாரும் விட்டுவிட்டு வந்தார்களா? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படத்தில் விமானங்கள் வந்துவிட்டன. நான்கைந்து விமானம் தாழப் பதிந்து இரைந்துகொண்டு வந்து குண்டு போட்டன. ரீவியில் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்திருந்தோம்.

திடீரென்று படம் நின்றது. ஜெனறேற்றரும் நின்றது. "பொம்மர்! பொம்மர்! ஓடியாங்கோ!" என்று அண்ணை முற்றத்திலிருந்து கத்தினார். அவ்வளவுதான். அறையில் இருந்த அத்தனை பேரும் பின்கதவால் பாய்ந்து, வாழைகளுக்கு நடுவே வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கிவிட்டோம். இத்தனை நேரமாகப் படத்தின் சத்தத்தில் பிழை பிடித்த சனம், படத்தின் சத்தத்துக்கே பயந்து ஓடியது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பங்கருக்குள் ஒரே இருட்டு, ஒரே நெரிசல். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். "பிள்ளை, தம்பி எங்கை?" என்று அம்மாவின் குரல். அதே நேரத்தில் அந்த மாமியின் குரல்: "ஐயோ, டெக்கெல்லோ உள்ளுக்கை கிடக்கு." இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து காதில் விழுந்தது. டெக்கைத் தந்தவர் கலியாண வீடுகளுக்குப் படம் பிடித்துப் பிழைக்கிறவர். எத்தனையோ தரம் கெஞ்சித்தான் வாங்கியிருந்தேன். அதற்கு ஏதும் நடந்தால் தோட்டத்தை எழுதிக் கொடுத்தாலும் தீராது என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் கால்கள் படியேறி வீட்டுப் பக்கம் ஓடிவிட்டன. பின்னால் யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு ஓடினேன். வானத்தைப் பார்க்கவேயில்லை. வாழை இலையெல்லாம் என் முகத்தில் அடித்தது மட்டும் ஞாபகம்.

போர்வை மூடிய அறை மங்கலாகக் கிடந்தது. தம்பி அதே மூலையில், அதே இடத்தில், அணைந்துபோன ரீவியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, என் ஒரு கை டெக்கின் மேல் இருந்ததும், மற்றக் கை அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்ததும்தான்.

"விசரே உனக்கு? எழும்படா, பொம்மர்" என்று இழுத்தேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உது படத்திலை வந்த பிளேன் அக்கா" என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு விசயம் மட்டும் நிச்சயம். அவன் சட்டை முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அது படச் சத்தம்தான் என்று தெரிந்து ஓடாமல் இருந்தானா? எழும்ப முடியாமல் இருந்தானா? அதை நான் கேட்கவில்லை. நான் ஏன் வந்தேன் என்று அவனும் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குள், வானத்தில் ஒன்றும் இல்லை என்று கண்ட சனம் பங்கரிலிருந்து சிரித்துக்கொண்டு ஏறி வரத் தொடங்கியது.

அண்ணையைச் சனம் விடவில்லை. பகிடி பண்ணியே அவரைச் சாகடித்தார்கள். இனி இந்த வீட்டுப் படத்துக்குக் காது கொடுக்கமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். காது கொடுக்க வேறு ஆள் கிடைக்காததால் படம் அதோடு நின்றது. மிஞ்சின மண்ணெண்ணெயைக் கொண்டுவந்தவர்களிடமே பங்கிட்டுக் கொடுத்தோம். எந்தக் காட்சிக்காக இவ்வளவு பாடுபட்டேனோ, அந்தத் தந்திக் காட்சியை அவன் பார்க்கவேயில்லை. அன்றிரவு எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அம்மா அழுதார். நான் வேலிப் படலையில் நின்றேன். போயிட்டு வாறன் என்றான், அவ்வளவுதான். நாங்கள் தோற்றுப்போனோம் என்று இருவரும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டோம்.

மாரி மழை முடிந்த ஒரு நாள் மத்தியானம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. கையில் ஒரு பையுடன் தம்பி நின்றான். இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போயிருந்தன. அந்தத் திங்கட்கிழமையே விலகுவதாகச் சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து சமையல்கூடத்துக்கு விறகு கொத்தினானாம். இப்போது அனுப்பிவிட்டார்களாம். அம்மா அவனைக் கட்டிப் பிடித்தவர் விடவேயில்லை. ஏனடா எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று ஏசினேன். சொல்லியிருந்தால் அம்மா ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு இருந்திருப்பா என்றான்.

அவன் கிணற்றடியில் கை கழுவும்போது, மனம் மாற என்ன காரணம் என்று மெதுவாகக் கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் திரும்பி வந்தனீங்களெல்லே" என்றான். நான் வாளியை எடுத்து அவன் கையில் தண்ணீர் ஊற்றினேன். டெக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்வது? அதற்காகத்தான் ஓடினேன் என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். அவனுக்காகத்தான் ஓடினேன் என்று சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம். எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது?

இப்போது அவன் வெளிநாட்டில், பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். அங்கே பிள்ளைகள் யுத்தப் படம் பார்த்துவிட்டு, இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்டால், உங்கடை மாமியை, என்ரை அக்காவைக் கேளுங்கோ என்று ரெலிபோனை அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். பயமாக இருக்கவில்லையா மாமி என்று அவர்கள் கேட்பார்கள். பயம்தான் என்று சொல்லுவேன். அது மட்டும் உண்மை.

இன்றைக்கும் எந்தப் படத்திலாவது ஒருவன் குண்டு மழைக்குள் திரும்பி ஓடினால், பக்கத்தில் இருக்கிறவர்கள் புழுகு என்று சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. எதற்காக ஓடுகிறோம் என்று ஓடுகிறவனுக்கே தெரியாமல் இருக்கலாம், ஆனாலும் மற்றவன் வீடு வந்து சேர்ந்துவிடுகிறான்.