நலம் விசாரிக்கும் வட்டம்

பணியாளர் நலன் பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, நாற்காலிகளை வரிசையாகப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. அலுவலகக் கூடத்தில் இருந்தவற்றை நானே இழுத்து வட்டமாகப் போட்டேன். சனிக்கிழமைதோறும் மதியம் எல்லாரும் அதில் உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச வேண்டும், பாரம் குறைய வேண்டும், ஒரு குடும்பம்போல ஆக வேண்டும். இதை ஓர் உத்தரவாகவே போட்டேன்.

தேனியில் இருந்துகொண்டு மலைத் தோட்டங்களிலும் அடிவாரக் கிராமங்களிலும் தாய்சேய் நலத்துக்காக வேலை செய்கிற சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. நான் அதன் ஒருங்கிணைப்பாளர். அதாவது, மலை ஏறாமலேயே மலையைப் பற்றி அறிக்கை எழுதுகிறவள். சனிக்கிழமை அரைநாள்தான் எங்கள் ஆட்களுக்கு மூச்சுவிடக் கிடைக்கிற நேரம். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் போவார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டுதான் அவர்களுக்கு நிம்மதி கொடுக்கப் பார்க்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் கூத்தாகப் போயிற்று. எங்கள் ஆட்களுக்குத் தொழிலே மகளிர் குழுக்களைப் பேச வைப்பது. அதனால் வட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் மற்றவர்களைப் பேச வைத்தார்கள். தேவாரம் ஊர்ப்பக்கம் வேலை பார்க்கிறவர் முதுகுவலி என்று வாயைத் திறந்ததும், எப்போதிருந்து, வீட்டில் யார் உதவி, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று ஆளாளுக்கு விசாரித்து, அவரைப் பயனாளியாகவே ஆக்கிவிட்டார்கள். கடைசியில் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று ஒரே குரலில் சொன்னார்கள். வெளியாட்கள் பார்வையிட வந்தால் கிராமத்துப் பெண்கள் சொல்வதற்காக நாங்கள் பழக்கிவைத்த அதே வாசகம். நான் அதையும் நம்பினேன்.

அப்போதுதான் மேகமலையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பொறுப்பான எங்கள் களப்பணிப் பெண் என் அறைக்கு வந்து, மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். எனக்கு அடுத்தபடி நிறுவனத்தில் மூத்தவர். பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை அவர் ஜீப்பில் ஏற்றிச் சின்னமனூருக்கு இறக்கிக்கொண்டு வந்தபோது, அந்தக் கரடுமுரடான பாதையிலேயே குழந்தை இறந்து பிறந்தது. அதற்குப் பிறகும் அதே ஜீப்பில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டால் லயன்களில் எங்களுக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். அதைவிட, எனக்கு அவரைப் பிடிக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "சனிக்கிழமை வட்டத்துல பேசுங்க, சரியாயிரும்."

அவர் பேசினார். எங்கள் வட்டத்தில் முதன்முறையாக ஒருவர் தன்னைப் பற்றிப் பேசினார்.

"அந்தப் புள்ள பொறந்த வளைவு வந்தாலே கண்ண மூடிக்கிறுவேன். வண்டியில பின்னாடி யாரோ முனகுற மாதிரியே இருக்கு. வீட்டுல சொன்னா, வேலைய விட்டுருன்றாக. எனக்கு விடவும் மனசில்ல..."

குரல் உடைந்தது. யாரும் அறிவுரை சொல்லவில்லை. பயிற்சியில் சொன்னது இதுதான், இதோ நடக்கிறது என்று எனக்குப் பூரித்துப்போயிற்று. பூரித்த வேகத்தில் என் வலது கை தானாக உயர்ந்து, எதிரே இருந்த கணக்காளருக்குப் போட்டோ எடுக்கச் சைகை காட்டியது.

படம் இல்லாத கூட்டம் எங்கள் பிழைப்பில் நடக்காத கூட்டம். கைக்கு அது பழகிவிட்டது.

அவர் பார்த்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பேச்சை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுத்துக்கிறட்டும் மேடம், அப்புறம் பேசுறேன்." அதில் குத்தலே இல்லை. கணக்காளரும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்தார்.

எடுத்து முடித்ததும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மறந்துபோச்சு மேடம். அடுத்தவுக பேசட்டும்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை ஜீப் கிளம்புமுன் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கும் முன்னுரை, முடிவுரை எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "போயிராதீங்க, உங்கள விட்டா எனக்கு ஆளில்ல" என்பது மட்டும்தான். சொல்லும்போதே அழுதும் தொலைத்தேன். ஓட்டுநர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவர் ஜீப்பில் ஏற வைத்த காலை இறக்கிக்கொண்டார்.

"சனிக்கிழமைய எங்களுக்கே விட்டுருங்க மேடம். நாங்க பேசாமலா இருக்கோம்? வெள்ளிக்கிழமை மருத்துவ முகாம முடிச்சுட்டு மேலருந்து எல்லாரும் ஒண்ணா இறங்கையில வண்டியில பேசிக்கிறுவோம். அங்கன வச்சு எத்தனையோ தடவ அழுதுருக்கேன்."

"அப்ப நானும் வெள்ளிக்கிழமை வண்டியில வரவா?"

"வேணாம் மேடம்" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டே. "நீங்க இருந்தா எல்லாரும் ஒழுங்கா உக்காந்துருவாக."

சனிக்கிழமை வட்டத்தை அதோடு விட்டுவிட்டேன். மாசக் கடைசி வந்து போயிற்று, அவர் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப் அலுவலக வாசலில் வந்து நின்ற பிறகும் அதிலிருந்து யாரும் உடனே இறங்குவதில்லை. சில வாரம் சிரிப்புக் கேட்கும். சில வாரம் ஒன்றுமே கேட்காது. அவர்கள் இறங்கும்வரை நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர்களுடைய நலனுக்காக நான் செய்கிற ஒரே உருப்படியான காரியம் அது. எனக்கும் அந்த வண்டியில் ஏறி உட்கார ஆசையாகத்தான் இருக்கிறது.