கொள்ளிடத் திட்டில் குதிரைக்குட்டி

அரியலூர்க் கல்யாண ஊர்வலத்தில் குதிரை வியர்வை வாடை அடித்ததும், கொள்ளிடத்தின் நடுவே நாங்கள் மட்டக்குதிரைகள் வளர்த்த திட்டு நினைவுக்கு வந்தது. காலையில் அம்மா அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, நாணலுக்குள் நீர்நாய்கள் மீனைக் கடித்து நொறுக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் வெள்ளம் வந்தது. அப்பா மற்ற குதிரைகளை முன்னால் விரட்டிவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, குட்டி போட்டிருந்த தாய்க்குதிரையை இழுத்துக் கரையேறினார். பிறந்து பத்து நாளான குட்டி மட்டும் தண்ணீரில் இறங்காமல் மிரண்டு நின்றது. அம்மாவும் அதனோடு நின்றுவிட்டாள்.

"குட்டிய வுட்டுட்டு வந்துடு புள்ள!" என்று அப்பா கத்தினார்.

"அது இல்லாம நான் வரமாட்டேங்க!"

முந்தானையை அதன் வயிற்றில் சுற்றிப் பிடித்து, கழுத்தளவுத் தண்ணீரில் அம்மா இழுத்துவந்தாள். திட்டு அந்த வெள்ளத்தோடு கரைந்துபோனது. குட்டி பால் குடிக்கத் தொடங்கியதும், ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே அவள் வேறு மேய்ச்சலிடம் தேடிக் கிளம்பினாள்.