அத்தை வெள்ளையடித்த சுவர்

பத்து வயதில் நான் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரி. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். பொய் சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்பதால், வீட்டில் யார் என்ன செய்தாலும் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்போது நாங்கள் சிறுமலை அடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்து அறைகளில் குடியிருந்தோம். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரர் கட்டியது. ஓடு சரிந்து வௌவால் அடைந்து கிடந்த அதைத் தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. இடியப்போகிற பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். அந்த வாடகையில் அடுத்த கட்டடத்தைக் காப்பாற்றுவார்கள். ஏழு வருடமாக அங்கே காவல் காத்த அப்பாவையும் பங்களாவோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அறக்கட்டளையின் மேடம் எதுவானாலும் அப்பாவைக் கேட்டுத்தான் செய்வார்.

பெரிய அறையின் ஒரு சுவருக்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது. ஆட்கள் சின்னத் தகடுகளை வைத்துக்கொண்டு பழைய சுண்ணாம்பை ஏடு ஏடாகச் சுரண்டினார்கள். அடியில், அந்தக் காலத்தில் கையால் வரைந்த பச்சைக் கொடியும் சிவப்புப் பூவும் இருந்தன. அதைப் புதுப்பிக்காமல், கிடைத்தபடியே விட்டார்கள். பார்ப்பதற்குத் தேமல் வந்த முதுகு போலத்தான் இருக்கும். மேடம் அதன் முன்னால் நின்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

அந்த வேலை முடிந்த பிறகுதான் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா குடித்துவிட்டு அடிப்பார். கடைசியாக அடித்ததில் அத்தைக்கு இடது கை சரியாக மடங்காமல் போயிருந்தது. முதல் விருந்தாளிகள் வந்து தங்கிப் போகும்வரை அத்தையின் வேலையைப் பார்க்கிறேன், பிடித்திருந்தால் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலையையும் கிணற்றடி அறையையும் அவருக்கே தருகிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். கிடைத்தால் அத்தை மாமாவிடம் திரும்பிப் போக வேண்டியதில்லை. இது எனக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயந்தரம் மேடம் அந்த விருந்தாளிகளைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே சாமான் வாங்க நாகல் நகருக்குப் போய்விட்டார்கள். அத்தை பங்களாவை இண்டு இடுக்கு விடாமல் துடைத்தார். பெரிய அறைக்கு வந்தவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்ல நாளும் அதுவுமா இம்புட்டு அழுக்குச் செவத்தையா காட்டுறது? உங்கப்பனுக்கு ஏது நேரம், பாவம்."

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத வீடு கிடையாது. கொத்தனார்கள் விட்டுப்போன சுண்ணாம்பு தொட்டியில் கிடந்தது. அத்தை அதைக் கரைத்து, நீலம் கலந்து, வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்தார். அந்தச் சுவரைச் சுரண்டியதைக் கூட இருந்து பார்த்தவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாளி பிடிக்கிற குஷியில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். தோளில் இருந்த அரிசிப் பையை இறக்காமல் சுவரையே பார்த்தார். அம்மா "ஐயோ மதினி" என்று மட்டும் சொன்னார். நாலு பேரும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தோம். காயாத இடத்தில் சுண்ணாம்பு வந்தது, கூடவே பூவும் வந்தது. என் துணியில் சிவப்பாக ஒட்டியதை உள்பக்கமாக மடித்துக்கொண்டேன். அத்தைக்கு விரல்கள் சுண்ணாம்பில் வெந்துபோயிருந்தன, ஆனாலும் துணியைக் கீழே வைக்கவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுத்தானப்பா செஞ்சேன்."

"தெரியும்க்கா. செத்த நேரம் சும்மா இரு."

பாதிச் சுவர்கூட முடியவில்லை, கார் வந்துவிட்டது. அப்பா எங்களைப் பார்த்து, "நான் பேசிக்கிறேன். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

மேடம் உள்ளே வந்து சுவரின் முன்னால் நின்றார். விருந்தாளிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மேடம் ஒரு விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"யார் செய்தது?"

"நாந்தான் மேடம். புத்தி கெட்டுப்போச்சு" என்றார் அப்பா.

"நீங்களா? மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்தீர்களே."

அப்பாவுக்கு வேலை போகும், வீடு போகும், நாங்கள் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்போம் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைப் பொய்க்காக அடிக்கிற அப்பா பொய் சொல்லலாமா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

"அப்பா இல்ல மேடம். அப்பா ஊருக்குள்ள போயிருந்தாரு. அத்தைதான் அடிச்சாங்க."

அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வாளி பிடித்தது யார் என்று மேடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடம் கெட்டவர் இல்லை. அத்தையை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. உண்மை சொன்னதற்காக என் கன்னத்தைத் தட்டிப் பையிலிருந்து ஒரு சாக்லேட் கொடுத்தார். அப்புறம் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, பழைய கட்டடத்தின் அருமை தெரியாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது, வேறு ஆள் பார்ப்போம் என்றார். அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அதனால் நான் செய்தது சரி என்றும், அப்பாவின் வேலையை நான்தான் காப்பாற்றினேன் என்றும் நினைத்துக்கொண்டேன். ஏழு வருடம் இருந்த அப்பாவை மேடம் நாலு வார்த்தை சத்தம் போட்டு, அத்தோடு விட்டிருப்பார். ஒரு மாதமே ஆன அத்தையை அப்படி விடமாட்டார். அப்பா அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து அத்தை பாலசமுத்திரத்துக்கே கிளம்பினார். அம்மா வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பஸ் ஏறுவதற்கு முன்னால் அத்தை குனிந்து, வெந்த விரல்களால் என் முகத்தைத் தடவினார்.

"நீ உள்ளதத்தான ஆத்தா சொன்ன. அழுகாத."

நான் அழவில்லை. எதற்கு அழ வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.