ஷூவுக்குக் காவல்

தாம்பரத்திலிருந்து எங்களோடு மணாலிக்கு டூர் வந்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவேயில்லை. புடவைக்கு மேல் கணவரின் பழைய ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, குளிரில் வெடித்த உதடு. எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார்.

பனியில் சறுக்கி விளையாடப் போகும் வழியில், ஒரு கடையில் எல்லோரும் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தோம். அந்த அம்மா மட்டும் எடுக்கவில்லை.

"எங்க ஷூவெல்லாம் புதுசு சார். இவ பாத்துப்பா," என்றார் கணவர்.

"கடைக்காரரே பாத்துப்பார் சார். அவங்களும் வரட்டுமே," என்றேன்.

"திருநீர்மலைக் கோயிலுக்குப் போனாலும் இவதான் செருப்போட கீழ நிப்பா. பழக்கம்தான்."

அந்த அம்மா பெருமையாகத் தலையாட்டினார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மத்தியானம் திரும்பியபோது அந்த ஆள் ஒரு பாலித்தீன் பையில் பனியை அள்ளி வந்திருந்தார். பின்னால் போய் மனைவியின் ஸ்வெட்டருக்குள் கொட்டினார்.

"பாத்துக்கோ, இதான் ஸ்னோ!"

அவர்களுடைய பிள்ளைகள் வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்த அம்மா துள்ளி எழுந்தார். முதுகை உதறிக்கொள்ளவில்லை.

"ஐயோ, ஷூ நனையுதுங்க," என்று குனிந்து, அதன்மேல் சிதறிய பனியை முந்தானையால் துடைத்தார்.